மாமனார் வீட்டு விமானம்

தி.நகரில் சேவல்கூட ஞாயிற்றுக்கிழமை தாமதமாகத்தான் கூவும். துணிக்கடை இசக்கிமுத்து மட்டும் விடியுமுன்னே விரித்த புத்தகமும் கையுமாக மருமகனின் அறைக் கதவைத் தட்டிவிட்டார்.

“மாப்ள, எந்திரிங்க! பக்கக்காத்து அடிச்சா விமானத்தை எப்படி எறக்கணும்னு பாத்துருவோம்.”

பாலகணேஷ் போர்வைக்குள்ளிருந்து கெஞ்சினான். “வாரம் பூரா விமானம், சாயங்காலமானா பாடம். இன்னிக்கு ஒரு நாள் விடுங்க மாமா. ப்ரியாவை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.”

“பரீட்சை தலைக்கு மேல நிக்கி. பீச் எங்கயும் ஓடிராது.”

மாமனார் பேச்சை மீறி அந்த வீட்டில் மின்விசிறிகூடச் சுற்றியதில்லை. ஆனால் மனைவி ப்ரியா முறைத்த முறைப்பில் பாலகணேஷுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. எழுந்து கதவைத் திறந்து விறைப்பாக நின்றான்.

“இசக்கிமுத்து!”

வீடே ஆடிப்போனது. மாமனார் சட்டென்று புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

“இங்க வாத்தியார் நான். பைலட் ஆகப்போறது நீங்க. ஓய்வெடுக்காத மாணவனை நாளைக்கு விமானத்துல ஏத்த மாட்டேன். புத்தகத்தை மூடுங்க!”

“சரிங்க சார்” என்று மூடினார் அந்த ஐம்பத்தைந்து வயது மாணவர். பிறகு மிகப் பணிவாகக் கேட்டார்:

“அப்போ நானும் பீச்சுக்கு வரட்டுமா, சார்?”