ஊதா நட்சத்திரம்

“அந்த ஆளு வேண்டாம்க்கா. பார்த்தாலே தெரியுது, முழுத் திருடன்!” அக்காள் நம்போசோவின் கையைப் பிடித்து இழுத்தாள் காயின்சா.

பத்தடி தள்ளிக் குடை நிழலில், மடியில் பணப் பையோடு உட்கார்ந்திருந்தான் ஒஜியாம்போ. கென்யா-உகாண்டா எல்லையான பூசியாவில் பணம் மாற்றிக் கொடுப்பது அவன் தொழில்.

“எல்லைப் பக்கமே இன்னிக்குத்தான் வர்றே. அதுக்குள்ள திருடன் யாருன்னு தெரிஞ்சிடுச்சா?” நம்போசோ சிரித்தாள்.

“மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே. கிசுமு போயி பேங்க்ல மாத்திக்கலாம், வா.”

“பேங்க்காரன் மட்டும் நமக்கு மாமனா மச்சானா? அவனும் அறுக்கத்தான் செய்வான்.”

நம்போசோவுக்கு ஒரு ஷில்லிங்கூட விட்டுக்கொடுக்க மனமில்லை. புருஷன் முகோயா இரண்டு வருஷமாகத் தெற்கு சூடானில், ஜூபாவில் லாரி ஓட்டுகிறான். அங்கிருந்து வரும் லாரிக்காரர்கள், டொரோரோ டவுனில் தையல் வேலை பார்க்கும் காயின்சாவிடம் அவன் அனுப்பும் டாலரைக் கொடுப்பார்கள். அவள் ஊருக்குக் கொண்டுவந்து அக்காள் கையில் சேர்ப்பாள்.

இன்றைக்கு அத்தனை டாலரும் நம்போசோவின் இடுப்பு மடியில் இருந்தது. கென்யாப் பக்கம் கிசுமுவில் ஒரு மாவு மில் இயந்திரம் விலை பேசி வைத்திருக்கிறாள். வாசலில் மில் ஓட ஆரம்பித்துவிட்டால் முகோயா ஏன் ஜூபாவில் கிடக்க வேண்டும்? ‘மில் வாங்கிடு, மறுநாளே வந்துடுறேன்’ என்று போனில் சொல்லியிருந்தான்.

ஆனால் பூசியாவில் டாலருக்குப் பெண் பார்க்கிற மாதிரி மூக்கும் முழியும் பார்ப்பார்கள். முதல் ஆள், “மடிப்பு விழுந்திருக்கு” என்று விலையைக் குறைத்தான். அடுத்தவன், “பழைய நோட்டு, படத்துல தலை சின்னதா இருக்கு” என்று உதட்டைப் பிதுக்கினான். மிச்சம் ஒஜியாம்போதான்.

“நான் கேட்டுட்டு வர்றேன், நீயும் வா.”

“நீ போக்கா. எனக்கு வெயில் தாங்கல.” காயின்சா தோள் துணியைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு பின்னாலேயே நின்றுவிட்டாள்.

“டாலர் என்ன விலை?” என்றாள் நம்போசோ.

“நூத்தி இருபத்தஞ்சு ஷில்லிங், தாயி.”

“நூத்தி முப்பது கொடு. இல்லேன்னா ஆளை விடு.”

“என் குடையையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க!” என்று அலுத்துக்கொண்டே நோட்டை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தான் ஒஜியாம்போ. சட்டென்று முகம் மலர்ந்தது. மற்ற நோட்டுகளையும் மளமளவென்று திருப்பிப் பார்த்தான்.

“அட, இது நம்ம வீட்டுப் புள்ள! பேரமே வேண்டாம் தாயி, நூத்தி முப்பதே தர்றேன்.”

நம்போசோவுக்குச் சந்தேகம் தட்டியது. கேட்ட விலையைக் கொடுக்கிறவனை நம்பலாமா? தங்கை சொன்னது சரிதானோ?

“எதுக்கு இவ்வளவு தாராளம்?”

நோட்டின் மூலையைக் காட்டினான். கடுகளவில் ஊதா நிறத்தில் ஒரு நட்சத்திரம். “என் முத்திரை. இங்க அவனவன் விக்கிற டாலர்ல அவனவன் குத்துவான். போலின்னு நாளைக்கு எவனாவது சண்டைக்கு வந்தா, நான் கொடுத்ததா இல்லையான்னு தெரியணுமில்ல? நானே சோதிச்சு வித்த நோட்டை நானே சந்தேகப்பட முடியுமா?”

“நல்லாப் பாரு. இது ஜூபாவிலேருந்து என் வீட்டுக்காரரு அனுப்பினது.”

“ஜூபாவா? நான் இந்தக் குடையை விட்டு எங்க போனேன்? இந்த நாலு நோட்டும் போன வாரம் வித்தது, நம்பரைக்கூடக் குறிச்சு வெச்சிருக்கேன். நம்ம வாடிக்கைக்காரரு, இந்தப் பக்கம் மணல் லாரி ஓட்டுறாரு. சம்பளத்தை வாங்கினதும் நேரா இங்க வந்து டாலரா மாத்துவாரு. ஊருக்கு டாலராத்தான் அனுப்பணுமாம்!”

நம்போசோ முன்னால் குனிந்தாள். “ஆளு... எப்படி இருப்பாரு?”

“நெட்டையா, இடது காது மடல்ல ஒரு வெட்டு. பாவம், பொண்டாட்டிக்குப் பயந்தவரு. அந்தம்மாதான் கூட நின்னு பேரம் பேசும். அச்சு அசல் உங்களை மாதிரியே, ஒரு காசு விடாது!”

அந்தக் காது மடலுக்கு எத்தனையோ தடவை அவளே எண்ணெய் தடவியிருக்கிறாள். ஜூபாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடந்தே போகிற தூரத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, தனக்கு டாலரில் கதை எழுதி அனுப்பியிருக்கிறான். பாவி! மில் வந்த மறுநாளே வருவானாம்!

குடைக் கம்பைப் பற்றிக்கொண்டாள். உலகத்தில் தனக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆளைத் தேடித் திரும்பினாள்.

“காயின்சா...”

அக்காள் தள்ளாடுவதைக் கண்டு காயின்சா பதறி ஓடி வந்தாள். தலைத் துணி நழுவித் தோளில் விழுந்தது. “என்னக்கா ஆச்சு?”

அந்தக் குரலுக்கு நிமிர்ந்த ஒஜியாம்போ வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றான்.

“அட, வாங்கம்மா! வீட்டுக்காரரு வரலையா?”