ஒரு புள்ளி குறைந்த வரி

பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் பெட்டி ஒன்றுக்குள் ஒரு சல்லடை வேலை பார்த்தது. ஒவ்வொரு வரியும் தன்னைப் பாட வேண்டிய நேரத்தைச் சதுர அடைப்புக்குள் ஏந்திக்கொண்டு வரும். நிமிடத்துக்கும் விநாடிக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு புள்ளி இருந்தால் சல்லடை உள்ளே விடும்.

அந்தோணிசாமி தன் மனைவி செசிலியின் பணி ஓய்வு விழாவுக்குத் தானே எழுதிய பாட்டு அன்று வந்தது. முதல் மூன்று வரிகள் உள்ளே போயின. நான்காவது வரியில் சொல்லே இல்லை, நேரம் மட்டும் இருந்தது.

"வடிவம் சரி. போங்க," என்றது சல்லடை.

ஐந்தாவதாக, 'செசிலி, நீ சிரிச்சாத்தான் வீடு விடியும்' என்ற வரி வந்தது.

"உங்க நேரத்துல ஒரு புள்ளிதானே இருக்கு?"

"அவர் கண்ணாடி போடாம தட்டிட்டாருங்க. இந்தப் பாட்டை எழுதினதே எனக்காகத்தான்."

"பாட்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் வடிவத்தை மட்டும்தான் பார்ப்பேன்."

வரி வெளியே உட்கார்ந்துவிட்டது.

விழாவில் அந்தோணிசாமி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மூன்று வரி பாடினார். பிறகு திரை வெறுமையானது. இசை மட்டும் ஓடியது. அவர் கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் செசிலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தபடியே, திரையில் வராத அந்த ஐந்தாவது வரியை நினைவிலிருந்தே பாடினார். செசிலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கைதட்டல் பெட்டிக்குள்ளும் கேட்டது.

"பார்த்தீங்களா, நீங்க இல்லாமலே விழா நல்லா நடந்துடுச்சு," என்றது சல்லடை.

"ஆமாங்க," என்றது வரி.