நெட் வேண்டாத லேப்டாப்

“கேமரா வேணாம், மைக் வேணாம், நெட்டும் வேணாம்னா அது எதுக்கும்மா லேப்டாப்பு? மேல வெச்சு வெங்காயம் நறுக்கவா?”

வெய்க்கோவின் வாய்க்கு அந்தத் துறைமுக ஊரே பழகியிருந்தது. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் லேப்டாப்புகளை வாங்கி, பழுது பார்த்து, இலவச இயங்குதளமான லினக்ஸை ஏற்றி விற்பது அவர் தொழில். ஊரில் அதற்கு அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஆனால் நவம்பர் மழையில் நனைந்த கோட்டோடு எதிரே நின்ற ஐலா சிரிக்கவில்லை.

“சும்மா அணைச்சு வெச்சாப் போதாது. வயர்லெஸ் கார்டே உள்ள இருக்கக் கூடாது. அப்பத்தான் ஜெயிலுக்குள்ள விடுவாங்க,” என்றாள். ஐம்பதைத் தாண்டியவள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

அட, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்றிருந்தது வெய்க்கோவுக்கு.

“மன்னிச்சுக்குங்க. பையன் உள்ள படிக்கிறானா?”

“ப்ரோக்ராம் எழுதணும். கண்ணு தெரியாதவங்களுக்கு, அடுத்த பஸ் ஸ்டாப் எதுன்னு காதுல சொல்ற ப்ரோக்ராம். பாதியில நிக்குது.”

வெய்க்கோ அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார்.

“இது புதுசு. பாக்க மினுமினுன்னு இருக்கும், விலையும் கம்மி. ஆனா மெமரிய போர்டோட சேத்து ஒட்டிட்டான். பின்னாடி கூட்டணும்னா முடியாது. இது ஏழு வருஷத்துக் கெழம். எருமை மாதிரி உழைக்கும். மெமரிய ரெண்டு மடங்கா ஏத்தித் தர்றேன். இருநூத்தி நாப்பது யூரோ.”

“கெழத்தையே குடுங்க.”

“நல்ல வேளை, லினக்ஸ் கேட்டீங்க. காசு குடுத்து வாங்குற சிஸ்டம்னா, நெட்டுல ஒரு தடவை பதிஞ்சாத்தான் ஆச்சுன்னு அடம் புடிக்கும். ஜெயில்ல நெட்டுக்கு எங்க போறது?”

பின்மூடியைத் திறந்து வயர்லெஸ் கார்டைப் பிடுங்கினார். கேமரா, மைக் இரண்டையும் கழற்றினார். திருகுகளின் மேல், பிரித்தால் கிழியும் சீல் ஸ்டிக்கர் ஒட்டினார். நடுவில் ஐலாவுக்குக் காபி ஊற்றிக் கொடுத்து, “கவலப்படாதீங்கம்மா. உள்ள போறவன் எல்லாம் கெட்டவனா என்ன? வயசுப் பசங்க, புத்தி கெட்டு ஏதாவது பண்ணிடுறாங்க,” என்று ஆறுதலும் சொன்னார். அவள் காபியைத் தொடவே இல்லை.

வேலை முடிந்ததும் சிறைப் படிவத்தை நீட்டினாள். இன்னின்ன பாகங்களைக் கழற்றிவிட்டேன் என்று கடைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும்.

“நாலு மணிக்குள்ள அங்க குடுத்தாகணும். விட்டா, அப்புறம் ஜனவரியிலதான் வாங்குவாங்க.”

“போட்டுட்டாப் போச்சு. கைதி பேரு?”

“நீலோ ராண்டமா.”

வெய்க்கோவின் பேனா நின்றது.

போன வருஷம் ஏப்ரலில் ஊர் முழுக்க அதே பேச்சுதான். மார்ச் முடிந்தால் ஏரி மேல் உறைந்து கிடக்கும் பனியை நம்பக் கூடாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இவன் குடித்துவிட்டு, கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு, ஏரி மேல் காரை விட்டான். பனி உடைந்தது. நீந்தி வந்தது இவன் மட்டும்தான்.

“அந்தப் பயலா?” வெய்க்கோ பேனாவை மூடினார். “எடுத்துட்டுப் போங்கம்மா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“சட்டப்படி நீங்க...”

“சட்டத்தைக் கொண்டு போய் உடைப்புல போடுங்க! செத்த பையனோட அம்மாவும் இதே ஊர்லதானே இருக்கா? அவ வயித்தெரிச்சல் என்னை விடுமா? நாளைக்கே அவ என் கடைப்படி ஏறினா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது?”

ஐலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால்.

“ப்ரோக்ராம் எழுதணுமாம், ப்ரோக்ராம்! அதுவும் ஓப்பன் சோர்ஸ்தானே? எவன் வேணும்னாலும் எடுத்து எழுதலாம். கொலைகாரப் பய எழுதினாத்தான் பஸ் ஓடுமா?”

“எவன் வேணும்னாலும் எழுதட்டும்னுதான் ஒன்றரை வருஷமா திறந்து கெடக்கு. ஒருத்தரும் தொடல,” என்றாள் ஐலா. “காலேஜ்ல கேட்டேன். கம்பெனி கம்பெனியா எழுதினேன். ‘நல்லா இருக்கு’ன்னாங்க, அவ்வளவுதான். மீதிய எப்படி எழுதணும்னு, கூட உக்காந்து எழுதின இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.”

“பெத்த மனசு! அவன் யாரைக் கொன்னா என்ன, பிள்ளை எழுதினது வீணாப் போயிடக் கூடாது. அதானே?”

“ஆமா. பிள்ளை எழுதினது வீணாப் போகக் கூடாது.”

அவள் படிவத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்து, அவர் கையில் கொடுத்தாள்.

“என் பிள்ளைய மூணாம் நாள்தான் ஏரியிலேர்ந்து எடுத்தாங்க. கையெழுத்தைப் போடுங்க, மணியாகுது.”