முந்நூறு முத்தம்

“ஏனுங்க, அந்தச் சித்ராவ வேலைய உட்டு நிறுத்தப் போறீங்களா, இல்லீங்களா?”

மைதிலி வைத்த வேகத்தில் பாதிக் காபி மேசையில் கொட்டியது.

“இப்ப என்னாச்சு?” நவநீதகிருஷ்ணன் பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

“தெனமும் காலைல முட்டை பொறுக்கற நேரத்துல, தீவன மூட்டைக்குப் பின்னால போய் போனோட நிக்கறா. முழுசா இருவது நிமிசம்! தானாப் பேசறா, தானாச் சிரிக்கறா. எவங்கூடவோ, என்னவோ!”

“உடு மைதிலி. இருவது நிமிசத்துல கோழி முட்டை போடறத நிறுத்திருமா?”

மைதிலிக்கு ஆச்சரியம். பத்து நிமிஷம் தாமதமாக வந்தவர்களைக் கேட்டோடு திருப்பி அனுப்புகிற மனுஷனா இது?

நாமக்கல் பக்கத்தில் நவநீதகிருஷ்ணனுக்கு நாலு கோழிப்பண்ணை. காட்டு வேலைக்கு ஆள், கார் ஓட்ட ஆள். பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டவர், முழங்கால் வலி என்று அதற்கும் ஓர் ஆளைத்தான் அனுப்பினார்.

அப்படிப்பட்டவர் ஒன்றே ஒன்றை மட்டும் தானே செய்கிறார் என்று ஊரே மெச்சியது. ஜெர்மன் படிப்பு.

மகன் இளவழகன் ஜெர்மனியில் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். பேத்தி லேனாவுக்கு ஐந்து வயது. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவளோடு பேசுவதற்காக மகன் போனில் போட்டுக்கொடுத்த ஆப்பில்தான் படிப்பு. தினமும் பாடம் முடித்தால், விடாமல் படித்த நாள் கணக்கோடு நெருப்புப் படம் ஒன்று எரியும். ஒரு நாள் விட்டாலும் அணைந்துவிடும்.

நவநீதகிருஷ்ணனின் நெருப்பு அணையவே இல்லை. கல்யாண வீடு, டீக்கடை எங்கே போனாலும் போனை நீட்டுவார்.

“இருநூத்தி எழுவது நாளுங்க! அறுவத்திரண்டு வயசுல! இந்தக் காலத்துப் பசங்களுக்கு இந்த ஒழுக்கம் வருங்களா?”

இளவழகன் போனில் உருகிப் போனான்.

“அப்பா, நீங்க படிக்கற ஒவ்வொரு நாளைக்கும் ஒரு முத்தம்னு லேனா சேத்து வச்சிருக்கா. நேர்ல வந்து மொத்தமாக் குடுப்பாளாம்.”

அதைக் கேட்டு அவர் கண் கலங்கியது நிஜம். ஆனால் “இருங்க, லேனாகிட்டக் குடுக்கறேன்” என்றால் மட்டும், “சிக்னல் சரியில்லப்பா” என்று வைத்துவிடுவார்.

முந்நூறாவது நாள் மகன் குடும்பம் பண்ணை வீட்டில் வந்து இறங்கியது.

லேனா ஓடி வந்து தாத்தாவிடம் கடகடவென்று ஏதோ கேட்டாள். அவர் சிரித்தார். மறுபடியும் கேட்டாள். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் சிரித்தார். குழந்தையின் முகம் வாடிவிட்டது.

முட்டை அட்டையோடு அந்தப் பக்கம் போன சித்ராவுக்குப் பொறுக்கவில்லை. நின்று ஏதோ சொன்னாள். லேனா துள்ளிக் குதித்துப் பதில் சொன்னாள்.

“அக்கா, உங்களுக்கு எப்படி ஜெர்மன்?” இளவழகன் திகைத்தான்.

சித்ரா முதலாளியைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

“அய்யா போன்லதானுங்க படிச்சேன். மொத நாள் அவுருதான் படிச்சாருங்க. மறுநாள் போனை எங்கிட்டக் குடுத்து, ‘நெருப்பு அணையாமப் பாத்துக்க’ன்னாருங்க. எம்புள்ளைக்குக் காய்ச்சலடிச்ச அன்னைக்குங்கூட உடலீங்க.”

மைதிலிக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

லேனா அப்பாவின் சட்டையை இழுத்து என்னவென்று கேட்டாள். குழந்தையிடம் பொய் சொல்ல இளவழகனுக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னான்.

லேனா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தாத்தாவின் கையை இழுத்துக் குனிய வைத்து, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

“ஐன்ஸ்.”

பூரித்துப் போன நவநீதகிருஷ்ணன் அடுத்த கன்னத்தைக் காட்டினார்.

அதற்குள் குழந்தை ஓடிப்போய்ச் சித்ராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

“ட்ஸ்வை... ட்ரை... ஃபியர்...”

இரண்டு, மூன்று, நான்கு. நவநீதகிருஷ்ணனுக்கு நன்றாகவே புரிந்தது. அவர் படித்த அந்த ஒரு நாள் பாடம் அதுதான்.