சாம்பல் நிறக் கட்டங்கள்

"மாமா, இது ப்ளாக்கா, வரி ஆபீஸ் கணக்கா? இதைப் பார்த்தா யாருக்கும் படிக்கத் தோணாது. பயந்துபோய் அபராதம் கட்டத்தான் தோணும்."

மருமகள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இணையப் பக்கங்களை வடிவமைப்பது அவள் தொழில். ஓய்வுபெற்ற மாமனார் புதிதாக ப்ளாக் தொடங்கப் போகிறேன் என்றதும், ஒரு டெம்ப்ளேட் பொறுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று நம்பிக் காலையில் உட்கார்ந்தவள். இப்போது மத்தியானச் சாப்பாடும் முடிந்துவிட்டது.

கடல் நீலத்தில் ஒன்று காட்டினாள்.

"ஓட்டல் விளம்பரம் மாதிரி இருக்கும்மா."

பழைய காகித நிறத்தில் ஒன்று.

"யாரோ போய்ச் சேர்ந்துட்ட மாதிரி இருக்கு."

மேலிருந்து பூ உதிர்கிற ஒன்று.

"யார் பெருக்குறது?"

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாம்பல் நிறப் பின்னணி, அதில் வரிசையாகக் கட்டங்கள், பொடி எழுத்து. படம் கிடம் கூடாது. உச்சியில் 'நிலுவைப் பட்டியல்' என்று தலைப்பு.

"இப்படி ஒரு ஆசை எங்கேர்ந்து வந்துச்சு மாமா?"

"ஆபீஸ்ல இருந்தப்ப ஒரு ப்ளாக் எழுதினேன். பேர் போடாம. அது இப்படித்தான் இருக்கும். அப்புறம் அந்தத் தளத்தையே இழுத்து மூடிட்டாங்க."

"எதைப் பத்தி எழுதினீங்க?"

"எங்க மேனேஜரைப் பத்தி."

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், ஒரு துண்டை மூன்றாவது முறையாக மடித்தார்.

"முறைப்புன்னு பட்டப்பேர் வச்சிருந்தேன்" என்றார் மாமனார். "முறைப்பு உள்ளே வந்தால், திட்டு வாங்கக் கூடாதுன்னு சுவர்க் கடிகாரமே கொஞ்சம் வேகமா ஓடும். முறைப்பு ஒரு நாள் சிரிச்சார், எல்லாரும் பல்வலியான்னு விசாரிச்சாங்க. இந்த மாதிரி."

மருமகள் சிரித்ததில் தண்ணீர் பாட்டில் கவிழப் பார்த்தது. "பாவம் மாமா அந்த ஆளு."

"பாவமென்ன பாவம்? அப்படித்தான் இருந்தான்."

"ஒரு நாளாவது நேரத்தோட வீட்டுக்கு அனுப்பியிருப்பாரா அந்த மனுஷன்?" என்றார் மாமியார், துண்டைப் பார்த்தபடி.

"சரி மாமா. அதுக்கு ஏன் இந்த அழுமூஞ்சி டிசைன்?"

"ஆபீஸ்ல வச்சுத்தானேம்மா படிக்கணும்? தூரத்துலேர்ந்து பார்த்தா கணக்குப் பார்க்கிற மாதிரி இருக்கணும். காலையில திட்டு வாங்கி எல்லாருக்கும் முகம் தொங்கிப்போயிருக்கும். மத்தியானம் சத்தமில்லாம இதைத் திறப்பாங்க. என் நாற்காலி எல்லாருக்கும் பின்னாடி. திடீர்னு ஒரு தோள் குலுங்கும். அப்புறம் பக்கத்துத் தோள். கொஞ்ச நேரத்துல ஹால் முழுக்க முதுகு முதுகாக் குலுங்கும். ஒரு சத்தம் வராது." அவர் ஜன்னலைப் பார்த்தார். "அதைப் பார்க்கறதுக்குன்னே ஆபீஸ் போவேன்."

"யார் எழுதறாங்கன்னு கண்டுபிடிக்கலையா?"

"கடைசி வரைக்கும் இல்ல. பாதிப் பேர் கேஷியர்தான்னு நம்பினாங்க. அவரும் ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே இல்ல இல்லம்பார்."

"அவங்கல்லாம் இப்ப பேசுறது உண்டா?"

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஒருத்தரும் வரல. போன்கூட இல்ல. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல." மேஜைமேல் கிடந்த போனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "அந்த ப்ளாக்குக்குன்னு பேரில்லாம வச்சிருந்த பழைய மெயில்ல எல்லாரோட விலாசமும் இருக்கு. நாலு பேர் எட்டிப் பார்த்தாப் போதும். பார்த்ததும், அட, நம்ம ப்ளாக்னு தெரியணும். அவ்வளவுதான்."

மருமகள் அதற்குமேல் வாதாடவில்லை. பூ உதிர்வதை மூடினாள்.

"எந்தச் சாம்பல் மாமா? மேகமா, ஆபீஸ் பீரோவா?"

"பீரோ. பழசு. கைப்பிடி பக்கம் இருக்குமே, அந்த நிறம்."

அதையும் கொண்டுவந்தாள். முதல் பதிவை அவரே தட்டினார்: 'முறைப்பு ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வீட்டில் வாஷிங் மெஷினை முறைத்துக்கொண்டிருக்கிறார். அது முன்பைவிட வேகமாகத் துவைக்கிறது.'

மாமியாருக்குப் புரையேறியது.

அந்தப் பழைய மெயிலிலிருந்து, பெயரில்லாமல், எல்லோருக்கும் புது ப்ளாக்கின் முகவரி பறந்தது. பிறகு மூவரும் பக்கத்தின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். வருகை: பூஜ்யம். டீ ஆறியது. பூஜ்யம்.

"மெயிலெல்லாம் இப்ப யார் பார்க்கிறா?" என்று மாமனார் எழுந்து, குடித்த தம்ளரையே மறுபடி கழுவப் போனார்.

"மாமா, ஒண்ணு ஆயிடுச்சு!" என்றாள் மருமகள். "ரெண்டு. அஞ்சு!"

அவர் ஈரக்கையோடு ஓடிவரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. காது சற்று மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார், நான் கேஷியர் பேசறேன். தொந்தரவு பண்ணிட்டேனா சார்?"

"விஷயத்தைச் சொல்லுங்க."

மருமகள் இதுவரை கேட்டிராத குரல் அது. அவள் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியல, மேனேஜர் சார். அந்த ப்ளாக் மறுபடி வந்துடுச்சு. இந்தத் தடவை உங்க வீட்டு வாஷிங் மெஷின் வரைக்கும் வந்துட்டான் சார். மனசு கேக்கல. நாங்க எல்லாரும் நாளைக்கு நேர்ல வந்து உங்களைப் பார்க்கலாம்னு..."

"எல்லாரும் வாங்க. எவன்னு கண்டுபிடிக்காம விடக் கூடாது!" என்று உறுமினார் முறைப்பு, தோள்கள் மட்டும் சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தன.