கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல நாள்

“கடை வாசல்ல சும்மா அழகுக்கு வைக்கத்தான் அக்கா. இதப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது” என்றான் இந்திரஜித். பொய் சொன்னால் அவனுக்கு இடது காது சூடாகும். இப்போது இரண்டு காதுமே சுட்டன.

மேசைமேல் அது இருந்தது. பூவேலை செய்த வெள்ளைத் துணிக்குக் கீழே, நெற்றியில் சரஸ்வதி பூஜைச் சந்தனப் பொட்டோடு, நாற்பது வயதுக் கம்ப்யூட்டர்.

பதுளையில் அப்பாவின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் இப்படி நான்கைச் சேர்த்து வைத்திருந்தான். ஐந்தாவதாக இந்த ரகம்தான் வேண்டுமென்று மூன்று வருடமாகத் தேடி அலைந்தான். இதன் பச்சை எழுத்துகள் அவன் கனவில்கூட மினுங்கின. ஆசை வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால்தான் இந்த வேஷம்.

“சோடா குடிங்க தம்பி. சில்லுன்னு இல்ல, கோவிச்சுக்காதீங்க” என்று நீட்டினார் ஜீவராணி. ஹல்துமுல்லையில் தம் வீட்டு முன்னறையையே சின்னக் கடையாக வைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவரை அக்கா என்று அழைப்பதும் இந்திரஜித்தின் பேரத்தில் சேர்த்தி.

அந்த மலைக் குளிரில் சில்லென்று யாருக்கு வேண்டும்? ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான்.

இரண்டு வாரமாகத் தொலைபேசியில் அவனை இழுத்தடித்திருந்தார் ஜீவராணி. புதன் வேண்டாம், ஞாயிறு வேண்டாம், வருகிற சனிக்கிழமை ஒன்பதுக்கு மேல், ஐந்துக்குள் வரவேண்டும் என்று ஒரே பிடி. நல்ல நாள் பார்த்துக் கம்ப்யூட்டர் விற்கிறவரிடம் பேரம் பேசுவதென்ன பெரிய காரியமா? வளைவுக்கு வளைவு பஸ் குலுங்க, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் வந்து சேர்ந்தான்.

“தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு வர்றவங்க பேரெல்லாம் இதுலதான் அடிப்பேன். புதுசு வந்ததும், நீயே வச்சுக்கன்னு குடுத்துட்டாங்க. இருவது வருசமா இந்த மேசைய விட்டு அசையல.”

“பழைய இரும்பு வெலதான் தரலாம் அக்கா. ஐயாயிரம்.”

“ஐயாயிரமா?” ஜீவராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “சரி, அது கெடக்கட்டும். வாங்குற பொருள ஓடவிட்டுப் பாக்க வேணாமா? இருங்க, பிளக்கப் போட்டுக் காட்டுறேன்.”

இந்திரஜித் சோடாப் போத்தலை மேசை ஓரத்தில் வைத்தான். இருபது வருடம் தூங்கிய யந்திரத்தை அடித்து எழுப்பினால் என்ன ஆகும்? உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர் பட்டென்று வெடிக்கும். மூன்று வருடக் கனவு புகையாகப் போகும்.

ஆனால் ஒரு மண்ணும் தெரியாதவன் என்ன சொல்வான்? போடுங்கள் என்றுதானே சொல்வான்?

“என்ன தம்பி யோசிக்கிறீங்க? அழகுக்குன்னாலும் லைட்டு எரிஞ்சாத்தானே அழகு?”

“வேணாம் அக்கா… கரண்ட் பில்லு ஏறும்.”

“ஒரு நிமிசத்துக்கா? நல்ல ஆளுதான் போங்க!”

வயரைப் பிரித்தார். பிளக்கைச் சுவரில் செருகினார். விரல் சுவிட்சில் போய் நின்றது.

“ஐயோ, போட்றாதீங்க!”

பாய்ந்த வேகத்தில் சோடாப் போத்தல் உருண்டது. பிளக்கைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதற்குமேல் அவன் வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

“இத்தனை வருசம் சும்மா கெடந்ததுக்கு இப்பிடித் திடீர்னு கரண்ட் குடுக்கக் கூடாது! மொதல்ல மூடியத் தெறக்கணும், பேட்டரி ஒழுகியிருந்தா தொடைக்கணும், வெடிக்கிற சாமானையெல்லாம் மாத்தணும். திரைக்குப் பின்னால கையக் கொண்டுபோகாதீங்க, பிளக்கக் கழட்டினாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும், ஆளையே தூக்கி அடிச்சிரும். அதுக்கப்புறம் கொஞ்சங்கொஞ்சமா…”

குரல் தேய்ந்து நின்றது. ஜீவராணி கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு மண்ணும் தெரியாதுன்னீங்க?”

இந்திரஜித்தின் காதுகள் பழுத்த மிளகாயாகிவிட்டன. “மன்னிச்சிருங்க அம்மா.” அக்கா எங்கோ பறந்துபோயிருந்தாள். “வெலய நீங்களே சொல்லுங்க.”

“ஐயாயிரம் போதும். தூக்கிட்டுப் போங்க.”

“ஐயாயிரத்துக்கா?” என்றான், பிளக்கை இன்னும் விடாமல்.

“ஒங்களுக்கு முந்தி நாலு பேரு வந்தாங்க தம்பி. ஒருத்தரு அம்பதாயிரம் தர்றேன்னாரு. ஆனா நாலு பேருமே, போடுங்க போடுங்கன்னு நின்னாங்க. நானும் போட்டேன். எரியல. ஒங்களுக்கு இது சரிவராதுன்னு அனுப்பிட்டேன்.”

“நாலு தடவ போட்டீங்களா!” இந்திரஜித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரின் முதுகருகே மூக்கைக் கொண்டுபோய்க் கருகல் வாடை தேடினான். “அப்ப உள்ள எல்லாம் போயிருக்குமே அம்மா! எப்பிடி மனசு வந்துச்சு?”

ஜீவராணி வெள்ளைத் துணியை நிதானமாக மடித்து அவன் கையில் வைத்தார்.

“அதுக்குத்தானே தம்பி, கரண்ட் கட்டாகுற நாளாப் பாத்து எல்லாரையும் வரச் சொல்றேன்!”