குடியரசு தினத்து வடை

"என்ன அண்ணை, விடியக் காலமையே வடை பொரிச்சுக் கோட்டும் போட்டிருக்கிறியள்? இண்டைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. ஒரு இடத்துக்குப் போட்டு வாறன்" என்ற சண்முகலிங்கத்தார், கையிலிருந்த வெள்ளைப் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

ஜெபரட்ணத்துக்குப் பொறி தட்டியது. நாட்காட்டியைப் பார்த்தான். 1986, மே 22. இலங்கையின் குடியரசு தினம்!

ஊரைவிட்டு ஓடிவந்து, டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் அவனோடு ஒரே அறையில் அகதியாய்க் கிடக்கிற மனிதர், கொழும்பு கொண்டாடுகிற நாளில் வடையும் பூவும் எடுத்துக்கொண்டு யாரைப் பார்க்கப் போகிறார்?

அந்தக் கட்டடத்தில் யாரை நம்புவதென்றே தெரியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு கதைக்கிற கதையெல்லாம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. போன மாதம் பக்கத்து அறைச் சூசைப்பிள்ளையின் ஊர் வீட்டை ஆமிக்காரர் புரட்டிப் போட்டுத் தேடினார்களாம். எங்களுக்குள்ளேயே ஒருத்தன் காட்டிக் கொடுக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜெபரட்ணமும் சொன்னான்.

இவரும் கொழும்பு அரசாங்கத்தின் ஆளோ? அப்படியென்றால் தவமலரின் கதி என்ன? அவன் மனைவி கைக்குழந்தையோடு கொழும்பில் பாஸ்போர்ட்டுக்குக் காத்துக் கிடந்தாள். பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் படத்தில்தான் பார்த்திருந்தான்.

ரயிலில் அடுத்த பெட்டியில் ஏறிப் பின்தொடர்ந்தான்.

கோபன்ஹேகனில் இறங்கிய மனிதர் நேரே டென்மார்க் ராணியின் அரண்மனைச் சதுக்கத்துக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து கறுப்பு டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். காவற்காரன் முறைக்க முறைக்கப் பூக்களைக் கல்தரையில் வைத்தார்.

"கிட்ட வா தம்பி. ரயிலிலயே உன்னைக் கண்டனான்" என்றார் திரும்பாமலே.

ஜெபரட்ணம் அசடு வழிந்தான். "இதென்ன அண்ணை?"

"திவசம். எழுபத்திரண்டில இண்டைக்குத்தான் மகாராணி வேண்டாமெண்டு குடியரசாக்கினவங்கள். தமிழருக்கெண்டு பழைய சட்டத்தில இருந்த பாதுகாப்பும் அதோட செத்துப் போச்சு. ராணி இருந்திருந்தா எங்களில கை வைப்பாங்களே? இதைச் சொன்னா நீங்கள் சிரிப்பியள். அதுதான் ஒளிச்சு வந்தனான்."

"அது இங்கிலாந்து ராணியல்லோ?"

"இவ அவவுக்குச் சொந்தக்காரி. செத்தவீடெண்டா கிட்ட இருக்கிற சொந்தத்திட்டத்தானே துக்கம் விசாரிக்கவேணும்?"

ராணி உள்ளே இருந்தால் ஏறும் கொடி அரண்மனைக் கூரையில் பறக்கவில்லை.

"அம்மா வீட்டில இல்லைப் போல. பரவாயில்லை. அண்டைக்கும் எங்களை என்னெண்டு கேக்க ஒருத்தரும் வீட்டில இல்லை."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தார்.

"திவசப் பலகாரம், வேண்டாமெண்டக் கூடாது. ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை. மகள் ஞானேஸ்வரி ஊரில அரசாங்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாள். தெரிஞ்சா அவளுக்குத்தான் கரைச்சல்."

"சீ, நான் ஏன் அண்ணை சொல்லப்போறன்!"

வடை நன்றாகத்தான் இருந்தது. ஜெபரட்ணம் இரண்டு தின்றான். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. மனிதர் அவர்களுடைய ஆள் இல்லை.

அவரை ரயிலேற்றிவிட்டு, நிலையத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து, எண்ணெய் காயாத விரலால் எண்களை அழுத்தினான்.

"சேர், ஜெபரட்ணம் கதைக்கிறன். எனக்குப் பதிலா வேற ஆளைப் பிடிச்சிட்டியளோ எண்டு பயந்து போனன்... சரி, இண்டைக்கு ஒரு புதுப் பேர் இருக்கு. சண்முகலிங்கம். மகள் ஞானேஸ்வரி, ஊரில அரசாங்க ரீச்சர். இனியாவது தவமலரின்ர பாஸ்போட்டைக் குடுப்பியள்தானே, சேர்?"